புதன்கிழமை வாத்தியார்

இலங்கையின் றக்வான தேயிலை மலையில் அந்தக் காலத்து வாயாடிகளையெல்லாம் ஒரு தட்டிலும், எங்கள் வாத்தியாரை மட்டும் மறு தட்டிலும் வைத்தால், அவர் தட்டுதான் கீழே இறங்கும். இதை நான் சொல்வது வேடிக்கைதான். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டது. அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் கேட்டதில்லை. வாய் ஓயாமல் அசைவதைப் பார்ப்பேன்; மிச்சத்தைப் பக்கத்தில் உட்கார்ந்த செல்லம்மா கையாலும் முகத்தாலும் சொல்லிவிடுவாள்.

அவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தனியாக வந்தவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடம் என்ற தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு முடிந்து கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிவிட்டால், பேச்சுத் துணைக்கு எங்களை விட்டால் அவருக்குத் தேத்தண்ணிக் கேத்தல்தான். கேத்தலிடமும் அவர் பேசுவதாகச் செல்லம்மா சத்தியம் செய்தாள்.

நான் சேர்ந்த வாரமே, தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்றுகொண்டு என்னை எதிரே முன்வரிசையில் உட்காரவைத்தார். உதட்டைப் பார்த்துப் படிக்க வேண்டுமாம். எங்கே பார்ப்பது? உதட்டை முழுக்க மூடி ஒரு மீசை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் எதுவும் புரியாமல் நான் அழுதேன். மறுநாள் மீசையைக் காணோம்.

எங்கள் சனத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுத்தால், வீட்டில் சாவு விழுந்தது என்று அர்த்தம். லயமே திரண்டு துக்கம் கேட்கப் போய்விட்டது. முந்தானையைக் கையில் பிடித்து அழத் தயாராக நின்றவள் என் அம்மா.

"ஊர்ல யாருங்கையா போயிட்டாங்க?" என்று கேட்டாளாம்.

"போறதுக்கு எனக்கு யாரும்மா இருக்கா? ஒங்க புள்ளைக்கு என் ஒதடு தெரியணும்னு எடுத்தேன்" என்றாராம் வாத்தியார்.

இதை எனக்குச் சைகையில் சொல்லும்போது அம்மா சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மீசை போனபின் பாடம் புரிந்தது. ஆனால் செல்லம்மாவைத் தவிர யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விளையாட்டு நேரத்தில் ஓரமாக நிற்பேன். அதைப் பார்த்து அவர் ஒரு சட்டம் போட்டார். புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, அவர் உட்பட. எல்லாம் கையால்தான். தோட்டத்துத் துரை என்றால் தலைக்கு மேல் தொப்பி. ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை என்றால் வயிற்றைச் சுற்றிப் பெரிய வட்டம். கணக்கப்பிள்ளை வாசலில் தலைகாட்டினால் நாற்பது பிள்ளைகளும் வட்டம் போடுவோம். அது தனக்கு வைக்கும் புது சலாம் என்று நம்பி, அவரும் பதிலுக்கு வட்டம் போட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கணக்கப்பிள்ளைதான் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பட்டியலான இடாப்பில் என் பெயரை வெட்டச் சொன்னவர். காது கேட்காதவள் பெஞ்சைத் தேய்ப்பதைவிடப் புல்லு வெட்டப் போகலாம் என்றார். வாத்தியார் முடியாது என்றார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து முடிவு சொல்லட்டும் என்று ஆயிற்று. அவரும் வந்தார், சரியாக ஒரு புதன்கிழமை.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். என்னவோ கேட்டார். வாத்தியார் வாய் திறக்காமல், 'இன்று புதன். இங்கே கைதான் பேசும். மன்னிக்கவும்' என்று கரும்பலகையில் எழுதினார். கணக்கப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சாக்கட்டியை வாங்கி ஏழும் எட்டும் எத்தனை என்று எழுதினார். எல்லாரும் பத்து விரலைக் காட்டி, பிறகு ஐந்து விரலைக் காட்டினோம்.

இன்ஸ்பெக்டர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "காது கேளாத பிள்ளை எது?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டாராம்.

கணக்கப்பிள்ளை ஒரு நாளும் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தவரில்லை. வரிசையாகத் தேடினார். யோசித்தார். கடைசியில் செல்லம்மாவைக் காட்டினார்.

"நான் இல்லீங்க" என்று செல்லம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்களுக்கே ஆளைத் தெரியேல்லை. பிறகு ஏன் பேரை வெட்டவேணும்?" என்றாராம். என் பெயர் இடாப்பில் நின்றது.

அன்றைக்கு வாத்தியாருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். எல்லாரும் போனபின், இனிப் பேசலாமே என்று கையைக் காட்டினேன். அவர் வெயிலைக் காட்டினார். பொழுது சாயவில்லை, இன்னும் புதன்தான். நான் லயத்துக்குப் போகவில்லை. அம்மா பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும்வரை இருவரும் வாசலில் உட்கார்ந்து கையாலேயே பேசிக்கொண்டிருந்தோம். தன் ஊரைக் காட்டினார். ஒரு குளம், ஒரு வீடு, அதில் யாரும் இல்லை. அந்த வீட்டுக்குள் நான் என் இரண்டு விரலை நடக்கவிட்டேன். அவர் வெகு நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போய் வெகு காலமாகிறது. எனக்கு இப்போதும் மனசு அவரைத் தேடுகிறது.