நான்கு வரிசை அவரையும் மாமாவின் புட்டியும்

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத பெரிய மாமாவுக்கு,

என் அவரைச் செடிகளுக்கு விஷம் வைத்தவர் நீங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பார்த்த சாட்சி இருக்கிறது, நேரம் எழுதி வைத்திருக்கிறது, புட்டியும் கையில் இருக்கிறது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? படியேற வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அப்பாவும் விசாரித்தார், ஆனால் அவர் விசாரித்த விதம் வேறு.

போனில் பேசியிருக்கலாம். மூன்று வாரமாகப் பதினொரு தடவை பேசிப் பார்த்தேன். "கடையில ஆள் நிக்குதும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறீர்கள். ஒரு பூச்சிமருந்துக் கடையில் விடிந்ததிலிருந்து அடைகிற வரை ஆள் நின்றுகொண்டே இருந்தால் இந்த நாட்டில் பூச்சி என்று ஒன்று மிச்சம் இருக்குமா? அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது.

நடந்தது என்ன என்று உங்களுக்கே முழுதாகத் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். அம்மாவின் ஒன்றரை ஏக்கரை நான் கையில் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடம் அந்த மண்ணில் ஒரு சொட்டு ரசாயனம் விழவில்லை என்று நிரூபித்தால்தான் இயற்கை விவசாயி என்று சான்றிதழ் தருவார்கள். நடுவில் ஒரு தடவை அடித்தாலும் கணக்கு முதலிலிருந்து. அந்த மூன்றாவது வருடம் முடிந்து, கடைசி ஆய்வுக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் நீங்கள் வந்தீர்கள். எனக்கு இருபத்தாறு வயது. மறுபடி தொடங்கினால் முடியும்போது இருபத்தொன்பது. இதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள் மாமா, பிறகு மேலே போங்கள்.

இந்தச் சான்றிதழுக்கு நாற்பத்திரண்டு பக்கப் படிவம். கிணறு யாருடையது, விதை எங்கே வாங்கினாய், எரு எந்த மாட்டுடையது, அந்த மாடு என்ன தின்றது, எல்லாம் கேட்கிறார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்றுகூட ஒரு கேள்வி. அம்மாவைக் கேட்டேன். "அது அன்னன்னிக்கு அதுக்குத் தோணுறதப் பொறுத்தது" என்றாள். அதையே எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை, கேட்கட்டும். ஆனால் உங்கள் கடைக்கு ஒருவன் வந்து மண்டையோடு படம் போட்ட புட்டி வேண்டும் என்றால், எதற்கு, எவ்வளவு, பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்க அரைப் பக்கப் படிவம் உண்டா? அடுத்த பண்ணைக்கு மருந்தடிக்கப் போகிறவரின் உள்ளங்கை வெங்காயச் சருகு மாதிரி உரிகிறது. அவருக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தாயா என்று பண்ணைக்காரரை யாராவது கேட்டார்களா? அடிக்கிறவனை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை, அடிக்காதவள்தான் நாற்பத்திரண்டு பக்கம் எழுத வேண்டும். திருடாதவன் தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடணும், திருடன் வீட்டில் கால் நீட்டித் தூங்கலாம். சரி, இதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை. உங்களுக்கு உரியதற்கு வருகிறேன்.

அந்த வியாழக்கிழமை நான் வீட்டில் இல்லை. எங்கே போயிருந்தேன் தெரியுமா? அக்கம்பக்கத்து நிலத்திலிருந்து மருந்து நம் நிலத்துக்குள் வராமல் தடுப்பது எப்படி என்ற பயிற்சி வகுப்புக்கு. வேலி ஓரம் எத்தனை அடி விட வேண்டும், என்ன மரம் நட வேண்டும் என்று நான் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்த நேரத்தில், நீங்கள் முன்வாசல் வழியாக, பைக் பையில் புட்டியோடு, "எங்க என் மருமக?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்திருக்கிறீர்கள். அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மனம் பொறுக்கவில்லை. என் தெளிப்பானையே எடுத்து, என் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி, நான்கு வரிசைக்கு அடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். மதியம் போன் வேறு. "மருமகளே, உன் செடியக் காப்பாத்திட்டேன். இனி ஒரு பூச்சி கிட்ட வராது. மாமன் இருக்கிற வரைக்கும் நீ எதுக்கும் கவலப்படாத!" நான் வகுப்பில் இருந்ததால் அழக்கூட முடியவில்லை மாமா. பக்கத்தில் இருந்த கீரைக்கார அக்கா, "யாரு, வீட்ல விசேஷமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு ஓடி வந்தால் அப்பா டைரியோடு உட்கார்ந்திருக்கிறார். நிலத்தில் நடப்பதையெல்லாம் எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது என் தப்பு. முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர், ஒரு ஸ்டாப்பைக்கூட விடமாட்டார். எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "காலை 9.40. மச்சான் வந்தார். 9.50. அவரை வரிசை ஒன்று முதல் நான்கு வரை பூச்சிமருந்து அடித்தார். 10.15. டீ குடித்தார், சர்க்கரை போதவில்லை என்றார். 10.25. புறப்பட்டார். காலிப் புட்டி கொட்டகையில் வைக்கப்பட்டுள்ளது."

"ஏம்ப்பா, பாத்துக்கிட்டே இருந்தியா? தடுக்கலையா?"

"தடுக்கிறது ஆய்வாளர் வேலைம்மா. நான் எழுதற ஆளு. எழுதற ஆளு நடுவுல புகுந்தா எழுதினது செல்லாது."

அம்மாவுக்கு வேறு யோசனை. "அந்தப் பக்கத்தக் கிழிச்சுருடி. யாருக்குத் தெரியப் போகுது?"

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு."

"அப்ப டீயக் கொட்டிரு."

"என் டைரி மேலயா?" என்று அப்பா நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கட்டின நாளிலிருந்து அம்மாவை அவர் அப்படிப் பிடித்ததில்லையாம், அம்மாவே சொன்னாள்.

உண்மையைச் சொல்கிறேன், கிழித்துவிடலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் பொய் எழுதித்தான் வாங்க வேண்டும் என்றால் இந்த மூன்று வருடம் எதற்கு? கிழிக்கவில்லை. அப்பா அதற்குக் கீழே, "5.10. மகள் உண்மை பேசுவதாக முடிவு. மனைவி சம்மதிக்கவில்லை" என்று எழுதினார்.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான பெண்மணி, காலைவிடப் பெரிய பூட்ஸ். முதலில் டைரியைக் கேட்டார். ஒரு மணி நேரம் படித்தார். பத்தாவது நிமிடத்தில் தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். சிரிப்பு. "எருக்குழி அருகே மனைவிக்கும் மகளுக்கும் வாக்குவாதம். மனைவி வென்றார். குழி கிளறப்பட்டது" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதெல்லாம் எழுதச் சொல்லி யாரு சொன்னாங்க?" அப்பா எழுந்து நின்று, "படிவத்துல 'நிகழ்வுகள் அனைத்தும்'னு போட்டிருக்குங்க மேடம்" என்றார். பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு டைரியைப் பார்த்ததில்லை என்று ஆய்வாளர் சொன்னதும் அப்பா அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு எருக்குழி. எவ்வளவு சூடு என்று கேட்டார். அம்மா கையை உள்ளே விட்டு, மூன்று எண்ணி வெளியே எடுத்து, "அறுபது" என்றாள். ஆய்வாளர் வெப்பமானியைக் குத்திப் பார்த்தார். அறுபத்தொன்று. "ஒன்னு கூடிருச்சா? உங்க கருவியக் கொஞ்சம் பாருங்க" என்று அம்மா சொன்னதற்கு நான் தலையில் அடித்துக்கொண்டேன், ஆய்வாளரோ குனிந்து எருவை ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, மழை பெய்த மண் மாதிரி இருக்கிறது என்றார். தக்காளியை ஒன்று பறித்து, சட்டையில் துடைத்து, அங்கேயே நின்று கடித்தார். கழுவாமல்! சாறு முழங்கை வரை வழிந்தது. மாமா, மூன்று வருடத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மருந்தடிக்கிற எந்தப் பண்ணையிலும் ஆய்வுக்கு வந்தவர் கழுவாமல் கடிக்க மாட்டார்.

அப்புறம் உங்கள் நான்கு வரிசை. நானே வாயைத் திறந்து சொன்னேன். தலை குனிந்து சொல்லவில்லை, கோபத்தோடு சொன்னேன்.

"அடிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"நாலு நாள் ரெண்டு மணி நேரம்" என்றார் அப்பா.

ஆய்வாளர் மண்டியிட்டு உட்கார்ந்து இலை இலையாகத் திருப்பினார். அசுவினி கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் பொறிவண்டுகள், சிவப்பும் கறுப்புமாக, கொத்துக் கொத்தாக, குட்டிக் குடும்பத்தோடு உட்கார்ந்து மிச்ச அசுவினியையும் தின்றுகொண்டிருந்தன. உங்கள் விஷத்தையும் தாங்கி நிற்கின்றனவே, என்ன வீரம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளர் எழுந்தார். என்னை ஒரு பார்வை, புட்டியை ஒரு பார்வை. இலைகளை ஒரு பையிலும், நீங்கள் விட்டுப்போன புட்டியை இன்னொரு பையிலும் போட்டு முத்திரை வைத்தார். ஆய்வகத்திலிருந்து முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம்.

அம்மா பின்னாலேயே ஓடினாள். "எங்கண்ணன் தங்கமானவருங்க. பாசத்துல அடிச்சுட்டாரு."

"பாசத்துக்குப் படிவத்துல இடம் இல்லீங்க" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

மூன்று வாரமாக அந்த நான்கு வரிசையைச் சிவப்புக் கயிறு கட்டிப் பிரித்து வைத்திருக்கிறேன். காய்த்துத் தள்ளுகிறது. விற்கவும் மாட்டேன், தின்னவும் மாட்டேன். அம்மா தினமும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, சிறைக்குப் போன பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வருகிறாள். எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், தூக்கம் நன்றாக வருகிறது. கிடைக்காவிட்டால் இருபத்தொன்பதில் வாங்கிக்கொள்வேன். மண்புழு அதுவரை எங்கும் ஓடிவிடாது.

ஆனால் நீங்கள் செய்தது செய்ததுதான். உங்களை மன்னிக்க எனக்கு மூன்று நிபந்தனை. இனி வரும்போது பைக் பையை வாசலில் காட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். என் தெளிப்பானைத் தொடக் கூடாது. உங்கள் புட்டியில் இருப்பது எவ்வளவு கொடிய விஷம் என்று வாங்குகிற ஒவ்வொருவரிடமும் உங்கள் வாயால் சொல்லி, கையுறையும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆயுள் நீளட்டும், கை மட்டும் என் நிலம் வரை நீளாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாசத்தில் பாழாய்ப்போன
உங்கள் ஒரே மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்துவிட்டார். சான்றிதழ் கிடைத்துவிட்டது மாமா! ஒன்றரை ஏக்கரும், நான்கு வரிசையும் சேர்த்து! அம்மா கயிற்றை அறுத்துவிட்டு மடி நிறைய அவரை பறித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா நேரம் பார்க்க மறந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இலையில் விஷம் துளிகூட இல்லையாம். கூடவே புட்டியின் முடிவையும் இணைத்திருக்கிறார்கள். அதன் அடியில் மிச்சம் இருந்தது தண்ணீர், வெள்ளை நிறத்துக்கு ஏதோ மாவு, நுரைக்குக் கொஞ்சம் சோப்பு. வேறு எதுவும் இல்லை. அசுவினியைத் தின்று தீர்த்தது பொறிவண்டு. ஆக, மேலே எழுதிய எதுவும் செல்லாது. நீங்கள் எனக்கு விஷம் வைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் கடை வைத்த இருபத்திரண்டு வருடமாக இந்த வட்டாரமே மண்டையோடு படத்தை நம்பி உங்களிடம் வாங்குகிறது மாமா. உங்கள் அலமாரியில் எத்தனை புட்டி நிஜம், எத்தனை மாவுத் தண்ணீர்? உங்களை யாராவது ஏமாற்றினார்களா, இல்லை இது உங்களுக்குத் தெரியுமா? போன் செய்ய வேண்டாம். ஒரே ஒரு வரி, தெரியும் அல்லது தெரியாது என்று உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள்.