சீனியண்ணாச்சியா, ஏணி செல்வராஜா?

பேசத் தெரியாதவனால் உலகத்தில் பெரிய கெடுதல் எதுவும் நடந்ததில்லை. "நீ நல்லாப் பேசுற" என்று நாலு பேர் சொல்லி, அதை நம்பியும் தொலைத்தவனால்தான் நிச்சயமான கல்யாணங்கள் நிற்கின்றன, சாவு ஊர்வலத்தில் அடிதடி நடக்கிறது. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் நடத்திக் காட்டியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். வேலை ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில். சாயங்காலம் வேலை முடிந்தாலும் பஸ் ஏற மாட்டேன். நேராக பாஸ்கட்பால் கோர்ட்டுக்குப் போய்விடுவேன். ராஜபாளையத்தில் கிரிக்கெட்டுக்கு ஒரு மரியாதை உண்டு, அவ்வளவுதான். பாஸ்கட்பால் என்றால் போட்ட சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து வருவார்கள். நான் ஆடமாட்டேன். (என் உயரத்துக்கு வளையத்தை அண்ணாந்து பார்த்தாலே கழுத்து பிடித்துக்கொள்ளும்.) ஆட முடியாதவன் என்ன செய்வான்? மைக்கைப் பிடித்தேன். டோர்னமெண்ட் நடக்கும் நாட்களில் தமிழில் கமெண்ட்ரி சொல்வது நான்தான்.

அதில் எனக்கென்று ஒரு பாணி இருந்தது. ஒருவரைப் புகழ வேண்டுமென்றால் முதலில் நன்றாக மட்டம் தட்டுவேன். "இவர் குள்ளம். ஓடினால் மூச்சு வாங்கும். இடது கை இருப்பதே இவருக்கு ஞாபகம் இருக்காது" என்று அடுக்கிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்துவேன். கூட்டம் காத்திருக்கும். பிறகு "ஆனால்..." என்று ஆரம்பித்துத் தூக்கி வைப்பேன். நிறுத்துகிற இடத்தில் கேலரியிலிருந்து விசில் பறக்கும். அந்த விசிலில்தான் நான் கெட்டுப்போனேன்.

அந்தக் காலத்தில் ராஜபாளையத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீயை நிம்மதியாகக் குடிக்க முடியாது. யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சீனியண்ணாச்சியா, ஏணி செல்வராஜா?"

சீனியண்ணாச்சி அறுபதுகளின் ஆட்டக்காரர். மண் தரை, வெறுங்கால், கல் மாதிரி கனக்கும் பந்து. நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துத் தூரத்திலிருந்தே எறிவாராம். பந்து வளையத்தில் படாமல் உள்ளே இறங்குமாம். செல்வராஜ் என் வயசுக்காரன், செட்டியார்பட்டிப் பையன். ஏணி என்று பெயர் வரும் உயரம். எகிறினான் என்றால் அவன் இறங்குவதற்குள் நாம் ஒரு பீடியைப் பற்றவைத்துவிடலாம்.

"அவனச் சூவக் கழட்டிட்டு மண்ணுல ஆடச் சொல்லுலே, பாப்போம்" என்பார்கள் பெரியவர்கள். "அண்ணாச்சிய இப்ப உள்ள பயலுக கைக்கு மேல எறியச் சொல்லுங்க, பாப்போம்" என்பார்கள் இளவட்டங்கள். ஒருவர் ஆடி முடித்தபோது மற்றவர் நடக்கவே பழகவில்லை. இருந்தாலும் தினமும் இருவரையும் ஒரே கோர்ட்டில் இறக்கிவிட்டு அடித்துக்கொள்வார்கள். என்னைத்தான் நடுவராக வைப்பார்கள். நானும் ஏதோ தீர்ப்பு எழுத வந்தவன் போல டீயை ஆற்றிக்கொண்டே இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவேன்.

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ருக்மணி, சீனியண்ணாச்சியின் தம்பி மகள். அண்ணன் தம்பி இருவருக்கும் கோர்ட் இருக்கிற தெருவிலேயே அடுத்தடுத்து வீடு. நிச்சயத்தன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கமெண்ட்ரி சொல்லுதது நீங்கதானா? எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்கும்."

நான் எவ்வளவு பூரித்துப்போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பொம்பளைகள் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள், அதனால் என் குரலை மட்டும் கேட்டு அவள் ஆட்டத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. நாள் குறிப்பதற்குள் சீனியண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார்.

ராஜபாளையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் செத்தால் பாடை நேரே சுடுகாட்டுக்குப் போகாது. கோர்ட்டுக்குள் கொண்டுபோய் வளையத்துக்கு அடியில் இறக்கி, கைக்குள் ஒரு பந்தை வைப்பார்கள். யாராவது நாலு வார்த்தை பேசுவார்கள். பிறகுதான் புறப்பாடு.

என் வருங்கால மாமனார் அழுது வீங்கிய கண்ணோடு என்னிடம் வந்தார். "மாப்ளே, நம்ம வீட்டுல பேசத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். எங்கண்ணனப் பத்தி செத்த நேரம் பேசிருங்க. அண்ணி வீட்டுல இருந்தே கேப்பாக" என்றார்.

நல்ல வெயில். பாடையைத் தூக்கியவர்களில் செல்வராஜும் ஒருவன். அவன் உயரத்துக்குப் பாடை ஒரு பக்கமாகச் சரிந்ததால், வீட்டிலிருந்து கோர்ட் வரைக்கும் முழங்காலை மடக்கியே நடந்து வந்தான். அதைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நானோ மனசுக்குள் வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

டோர்னமெண்டுக்குக் கட்டும் அதே மைக். அதே குழாய் ஒலிபெருக்கி, தெருவைப் பார்த்தபடி. மைக்கைக் கையில் வாங்கியதும் நான் நிற்பது ஒரு பிணத்தின் தலைமாட்டில் என்பது மறந்துபோனது.

"சீனியண்ணாச்சி பெரிய ஆட்டக்காரர் என்கிறோம்" என்று ஆரம்பித்தேன். "யோசித்துப் பார்ப்போம். இன்றைக்கு ஏணி செல்வராஜ் அவர் முன்னால் நின்றால் அண்ணாச்சியால் ஒரு பந்து போட முடியுமா? முடியாது. நெஞ்சிலிருந்து வருகிற பந்தை செல்வராஜ் எகிறாமல் நின்ற இடத்திலேயே தட்டிவிடுவான். இன்றைய டீமில் அவருக்கு இடம் உண்டா? பெஞ்சில்கூடக் கிடையாது."

நிறுத்தினேன், வழக்கம் போல.

வழக்கம் போலவே பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். (அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். இரண்டு வருஷமாகப் பழக்கி வைத்தது நான்தானே.) நான் "ஆனால்" என்றேன். கரண்ட் போய்விட்டது.

அந்தப் பின்பாதிதான் என் உரையின் உயிர். அப்போதுதான் மூன்று பாயிண்ட் கோடு புதிதாக வந்திருந்தது; அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று பாயிண்ட். "அண்ணாச்சி எறிந்த இடமெல்லாம் இன்றைய கோட்டுக்கு வெளியே. அவருக்குக் கொடுத்ததோ இரண்டு இரண்டு பாயிண்ட். கோடு வருவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி நின்ற மனிதர்" என்று முடிக்க இருந்தேன். முடிக்கவும் செய்தேன், செத்த மைக்கில். அதற்குள் விசிலடித்தவனைப் பெரியவர் ஒருவர் அறைந்திருந்தார். அறைந்தவர் சட்டையை இன்னொருவன் பிடித்திருந்தான். டீக்கடையில் இத்தனை வருஷம் வாயால் அடித்துக்கொண்டதை அன்றைக்குக் கையால் அடித்துத் தீர்த்துக்கொண்டார்கள். குழாய் அடங்கிவிட்டதால் பேச்சு முடிந்தது என்று நினைத்து கொட்டுக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். சீனியண்ணாச்சி ஒருவர்தான் பந்தை அணைத்துக்கொண்டு வெயிலில் அமைதியாகப் படுத்திருந்தார்.

செல்வராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முழங்காலை மடக்கி, பாடையில் தோள் கொடுத்தான்.

சுடுகாட்டில் மாமாவிடம் போனேன். "மாமா, கரண்ட் போயிருச்சு. நான் பேசுனதுல பாதிதான் கேட்டுச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கரண்ட் போகலேன்னா இன்னும் என்னென்ன பேசிருப்பீகளோ" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கல்யாணப் பேச்ச காரியம் முடிஞ்ச பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். பேசிக்கிடுவோம் என்றால் எங்கள் பக்கத்தில் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

வீட்டில் அப்பா இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "ஒனக்கு மொதமொதல்ல மைக்கு குடுத்தவன் எவன்னு சொல்லு, நான் பாக்கணும்" என்றார். நான் கோர்ட் பக்கமே போகவில்லை. மில்லில் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பெரியவர்களுக்கு நான் துரோகி. அதைவிடக் கேவலம், இளவட்டங்களுக்கு நான் வீரன். "சரியாச் சொன்னீக அண்ணே" என்று பஸ்ஸ்டாண்டில் ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். எனக்கு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ருக்மணி இனி என் குரலைக் கேட்டால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போனது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பா என்னை இழுத்துக்கொண்டு போனார். கூடத்தில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. உள்ளே இருந்து சீனியண்ணாச்சியின் மனைவி வந்தார். ருக்மணிக்குப் பெரியம்மா, எனக்கு முறைப்படி பெரியத்தை. (அந்த நிமிஷம் எனக்கு எந்த முறையும் இல்லை.) கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு பெஞ்சிலகூட எடமில்லன்னீக. பொறவு சத்தத்தக் காணோம். மிச்சத்தச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கோடு, கோட்டுக்கு வெளியே, இரண்டு பாயிண்ட் என்று கோவையாகச் சொல்ல ஆரம்பித்தேன். குரல் தானாகவே கமெண்ட்ரிக் குரலாகிவிட்டது. பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவிய ஆட்டத்த நீங்க பாத்திருக்கீகளா?"

நான் பிறந்து நடக்கப் பழகுவதற்குள் அண்ணாச்சி முழங்கால் போய் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நான் பார்த்ததெல்லாம் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியோடு மில் கேட்டில் நொண்டி வந்த மனிதரைத்தான்.

"இல்ல பெரியத்த. கேள்விப்பட்டதுதான்."

"நானும் பாத்ததில்ல" என்றார். "பொம்பளைய வரப்படாதும்பாக. ஆட்டம் முடிஞ்சு வருவாக, காலெல்லாம் மண்ணா இருக்கும். வாசல்ல தண்ணி ஊத்துவேன். நான் பாத்தது அம்புட்டுத்தான். யாராவது அவிய எப்படி ஆடுவாகன்னு சொல்ல மாட்டாகளான்னு இருந்தேன். எல்லாரும் இவன் பெருசா அவன் பெருசான்னே பேசுதாக."

கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "நீங்க பாத்திருக்கீகளா?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டார். அண்ணாச்சிக்காக விசிலடித்தவனை அறைந்த பெரியவரும் அங்கே இருந்தார். அவர் அந்தக் காலத்தில் கொழும்பில் கடையில் இருந்தாராம். ஒருவர் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று சத்தம் கேட்டிருக்கிறார். இன்னொருவர் சேத்தூரில் இருந்து வந்து ஒரு தடவை பார்த்தாராம். அன்றைக்கு மழை பெய்து ஆட்டம் நின்றுவிட்டதாம்.

பெரியத்தை என் மாமனார் பக்கம் திரும்பினார். "பாக்காமப் பேசுனான்னு கல்யாணத்த நிறுத்துனா, இந்த ஊருல ஒருத்தனுக்கும் பொண்ணு குடுக்க ஏலாது. நாளக் குறிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல்யாணம் நடந்தது. இன்றுவரை யார் வீட்டு விசேஷத்திலும் நான் பேச எழுந்தால் ருக்மணி பக்கத்தில் வந்து, "நல்லத மொதல்ல சொல்லிருங்க, கரண்டு போயிரும்" என்று காதில் சொல்லுவாள். எனக்கு அது பழகிவிட்டது.

தொண்ணூறுகளில் பொம்பளைகளும் கேலரிக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு டோர்னமெண்டுக்குப் பெரியத்தையை நானும் ருக்மணியும் கூட்டிப்போனோம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோர்ட்டைப் பார்க்கிறார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என்னிடம் குனிந்து, "இதுல அவிய எந்த எடத்துல நிப்பாக?" என்று கேட்டார்.

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் இடது மூலையைக் காட்டினார். பக்கத்திலிருந்தவர், "ஏலே, அண்ணாச்சி எப்பவும் வலது மூலைல்லா" என்றார். இருவரும் எழுந்து நின்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"விடுங்கய்யா. ரெண்டு பக்கமும் பாத்துக்கிடுதேன்" என்றார் பெரியத்தை.

சொன்னபடியே செய்தார். பந்து எங்கெங்கோ போனது, கூட்டம் கத்தியது. அவர் இடது மூலையைக் கொஞ்ச நேரம், வலது மூலையைக் கொஞ்ச நேரம் என்று ஆட்டம் முடியும்வரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியத்தையும் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. எங்கள் வீட்டில் இப்போதும் எந்த இரண்டு பேர் எதற்காகச் சண்டை போட்டாலும், யார் பெரிது எது உசத்தி என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டாலும், யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "ரெண்டு பக்கமும் பாத்துக்கிடுதேன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.