மகள் கன்னத்துக்கு என் கன்னத்தில் ஒத்திகை

சின்னமனூர்,
ஆவணி 29.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா கஸ்தூரியம்மாள் அவர்களுக்கு, தம்பி அழகுமலை கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், மாரீஸ்வரி, போர் மோட்டார், மாடு இரண்டு, எல்லாரும் சவுக்கியம். ஆபரேஷன் செய்த உன் வலது கண் தெளிந்து வருகிறதா என்று அறிய ஆசை. போனில் பேசலாம்தான், ஆனால் போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். ஆகவே கடிதம். மருமகள் ஜக்கம்மா வாசித்துக் காட்டட்டும். நடுவில் சிரிக்கக் கூடாது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிடு.

வேல்விழி கல்யாணத்துக்கு வர முடியாத குறைக்கு, "பிள்ளை கன்னத்தில் இதைப் பூசுங்கள், கொஞ்சம் வெளுப்பாகத் தெரிவாள்" என்று திருப்பூரிலிருந்து நீ கொடுத்துவிட்ட ரோஸ் கலர் பிளஷ் டப்பா வந்து சேர்ந்தது. அதன் கதையைத்தான் எழுதப் போகிறேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், ராயப்பன்பட்டியில் மணப்பெண்களுக்கு மேக்கப் போடும் இவாஞ்சலின் என்ற பெண், அவள் வீட்டில் வைத்து நம் பிள்ளைக்கு ஒத்திகை பார்த்தாள். உன் ரோஸை வைத்ததும் கன்னம் ரெண்டும் சாம்பல் பூத்துப்போச்சு அக்கா, காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச பிள்ளை மாதிரி. போதாக்குறைக்கு, அன்றைக்குப் பூசியதில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ, மறுநாள் முகமெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. "கல்யாணம் வரைக்கும் மொகத்துல ஒண்ணும் வைக்கக் கூடாது" என்று இவாஞ்சலின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து தேவாரத்துச் சம்பந்தியம்மா போன் பண்ணி, "போட்டோவுக்கு ரெண்டு மூணு ஷேடு வெளுப்பா ஏத்திப் போடச் சொல்லுங்கண்ணே" என்றாக. பக்கத்தில் நின்ற வேல்விழி காதில் அது விழுந்துவிட்டது. "வேற யாரு மூஞ்சியோடயோ நான் மணவறையில உக்கார மாட்டேம்ப்பா. என் மூஞ்சிக்கு ஏத்த கலர் கெடைச்சாப் போடட்டும், இல்லைன்னா பவுடர்கூட வேணாம்" என்று அழுதாள். அழுதால் பொரி கூடும் என்று மாரீஸ்வரி அவளை அதட்டிவிட்டு, தானும் அழுதாள்.

கலர் முடிவாகவில்லை, பிள்ளை முகத்தைத் தொடவும் கூடாது. என்ன செய்வது? "இதே நெறத்துல வீட்டுல வேற யாரும் இருக்காகளா" என்று இவாஞ்சலின் கேட்டாள். மாரீஸ்வரி உனக்குத்தான் தெரியுமே, கோதுமை நிறம். மூன்று பொம்பளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயதில், இந்த மீசையோடு, நெற்றி முடி விழாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டையையும் மாட்டிக்கொண்டு இவாஞ்சலின் வீட்டு மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தேன் அக்கா. உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் உரக்கடை மொக்கைச்சாமி, அவன் பெண்டாட்டியைப் புருவம் திருத்த இறக்கிவிட வந்தவன், வாசலில் நின்று, "என்ன மாமா, இங்கன?" என்றான். "கரண்ட் பில் கட்ட வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவனும் "ஆகட்டும் மாமா" என்று போய்விட்டான். நல்ல மனுஷன்.

இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. பிளஷ் வைக்க வேண்டுமானால் சிரிக்க வேண்டுமாம். "சிரிச்சா கன்னத்துல மேடு எழும்பும்ணே. அங்கன வச்சு, காதுப்பக்கமா மேல இழுத்துவிடணும்" என்கிறாள். ஆதார் கார்டுக்கே சிரிக்காதவன் நான். கடைசியில், பக்கத்துத் தோட்டத்துப் பாண்டீஸ்வரனின் மோட்டார் புகைந்த நாளை நினைத்துக்கொண்டேன். மேடு நன்றாக எழும்பிவிட்டது. முதலில் உன் ரோஸ். எனக்கும் அதே சாம்பல். அடுத்து ஆரஞ்சு, செங்கல் சூளைக்குப் போய் வந்தவன் மாதிரி இருந்தேன். அதற்குமேல் நான் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, திராட்சையை டியூப்லைட்டுல பாத்து வாங்குனா உருப்படுமா? வெயிலுக்கு வா" என்று கண்ணாடியோடு எல்லாரையும் வாசலுக்கு இழுத்துவந்தேன். டப்பாக்களை வரிசையாகப் பார்த்தேன். நம் தோட்டத்துப் பன்னீர் திராட்சை முழுசாகக் கருப்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் ஒரு கருஞ்சிவப்பு நிறத்தில் நிற்கும் பார், அதே நிறத்தில் ஒன்று கிடந்தது. டப்பாவில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். "இதைத்தாண்ணே நானும் நெனைச்சேன், ஆனா துளியூண்டுதான் எடுக்கணும்" என்று பிரஷைத் தட்டித் தட்டி உதறிவிட்டு வைத்தாள். பூசினதே தெரியலை அக்கா. மேகமலை ரோட்டுல நாலு வளைவு நடந்து ஏறுனவன் ரத்தம் கன்னத்துக்கு வருமே, அப்படி. வேல்விழி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ப்பா, இதுதாம்ப்பா என் கலர்" என்றாள். பிறந்த நாள் முதல் "பிள்ளைக்கு உன் நிறம் வந்துருச்சேடா" என்று நீ வருத்தப்பட்ட நிறம். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இந்தத் தாளில் எழுத முடியாது.

முகூர்த்தத்தன்று பொரியெல்லாம் அமுங்கி, பிள்ளை பிள்ளையாகவே இருந்தாள். சம்பந்தியம்மா மணப்பெண் அறைக்குள் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "ஏத்திப் போடலையா?" என்றாக. "இல்லைங்க. இது எங்க வீட்டு நெறம். இதுக்குமேல ஏத்த எடம் இல்லை" என்றேன். அவுக கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "லட்சணமாத்தான் இருக்கு" என்று தன் தலையில் இருந்த பூவில் ஒரு கண்ணி எடுத்து அவளுக்கு வைத்தாக. மாப்பிள்ளை சசிதரன் மணவறையில் அவள் பக்கம் சாய்ந்து, "நல்லவேளை, ஆளு அடையாளம் தெரியுது. பயந்துக்கிட்டே வந்தேன்" என்றார். என் காதால் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எத்தனை பவுன் போட்டாலும் தகும், ஆனால் போட்டது போட்டதுதான்.

ஆகவே அக்கா, உன் ரோஸ் டப்பாவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனிமேல் நம் வீட்டில் நிறப்பேச்சு நீ எடுக்கக் கூடாது. நானும் இந்த ஜென்மத்தில் மறுபடி கன்னத்தில் எதையும் பூசப்போவதில்லை. உன் கண் குணமாக மாவூற்று வேலப்பருக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன். பேரன் பேத்திகளுக்கு என் ஆசிகள், மருமகளுக்கு மாரீஸ்வரியின் அன்பு, உன் காலுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உன் தம்பி அழகுமலை

பின்குறிப்பு: மேலே கடைசியில் எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கச் சொல். உன் டப்பாவைக் கட்ட பீரோவில் காகிதம் தேடும்போது உன் கல்யாணப் போட்டோ கையில் வந்தது. முகம் முழுக்க வெள்ளை வெளேரென்று பவுடர், கழுத்து நம்ம நிறம். அந்தப் போட்டோவில் உன் மடிப்பக்கம் நின்று அழுகிற பயல் நான்தான். உன்னிடமே "அக்கா எங்க" என்று கேட்டு அழுதேன். "ஏலே, நான்தாண்டா" என்று குனிந்து சொன்னாய். உன்னையும் யாரோ அப்படி ஏத்திப் போட்டிருக்கிறார்கள், நானோ நிறப்பேச்சு எடுக்கிறாய் என்று இத்தனை வருஷமும் உன்மேல்தான் கோபப்பட்டேன். பார்சலில் இருப்பது உன் ரோஸ் இல்லை. அந்தத் திராட்சைக் கலர், புதுசு. உனக்கும் எனக்கும் ஒரே நிறம்தானே, அதனால் இன்று காலையில் தோட்டத்து வெயிலில் என் கன்னத்தில் ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டேன். பாண்டீஸ்வரன் பார்த்துவிட்டான், பார்க்கட்டும். தை மாதம் உன் பேரன் கல்யாணத்துக்கு, கண் தெளிந்ததும், நல்லா சிரித்துக்கொண்டு, துளியூண்டு வை. நான் மண்டபத்துக்கு வந்து இன்னொருதரம் "அக்கா எங்க"ன்னு கேக்கக் கூடாது.