நாலு மணி கோபால்

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தபோது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடாமல் காப்பாற்றியது யார் என்று கேட்டால், ஆளாளுக்கு ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. காப்பாற்றியவர் எங்கள் கோபால் சார். அதுவும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மொட்டைத் தலைக்குத் தொப்பி விற்கிற கடையின் மாடியில் இருந்தபடியே காப்பாற்றினார். இதை யார் முன்னாலும் அடித்துச் சொல்வேன்.

அவர் பெயர் கோபால் இல்லை. சித்தூரில் பழைய மிஷன் கோயில் தெருக்காரர், சாமுவேல் ஆசீர்வாதம். கோபால் என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம். கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுகிற ஒரு பழைய பாஷை. ஆங்கிலத்தில் COBOL என்று எழுதினால் ஒரு குழப்பமும் வராது. தமிழில்தான் வினை. நமக்கு எல்லா 'க'வும் ஒரே 'க', எல்லா 'ப'வும் ஒரே 'ப'. இன்ஸ்டிட்யூட் ஓனர் புத்தூர், நகரி, நாகலாபுரம் பஸ் ஸ்டாண்டுகளில் 'கோபால் படியுங்கள், அமெரிக்கா செல்லுங்கள்' என்று தமிழில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அதைப் படித்துவிட்டுப் பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாக மாடிப்படி ஏறி வந்து, "கோபால் சார் கீறாரா?" என்று கேட்டார்கள்.

முதல் வாரம் சார் பொறுமையாக விளக்கினார். இரண்டாம் வாரம் கொஞ்சம் கோபமாக விளக்கினார். மூன்றாம் வாரம், "சொல்லுங்கம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டார். ஒருநாள் அவருடைய சபைப் போதகர் வந்து ஆசீர்வாதம் எங்கே என்று கேட்க, தொப்பிக் கடைக்காரர், "கோபால் சாரா? மேல போங்க" என்று அனுப்பிவைத்தார். போதகர் படியேறி வந்து முதலில் கேட்ட கேள்வி, "எப்பய்யா பேர மாத்தினீங்க?" என்பதுதான்.

இந்தப் பாஷைக்கு அந்த வருஷம் ஏன் இவ்வளவு கிராக்கி என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் வருஷத்தைச் சுருக்கி, கடைசி இரண்டு எண்ணை மட்டும் எழுதிவைத்திருந்தார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, அப்புறம் சைபர் சைபர். சைபர் சைபர் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். அதைத் திருத்தக் கோபால் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடினார்கள். நான் டிகிரி முடித்துவிட்டுப் புத்தூரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பாவை, எங்கள் ஊர்ப் பேச்சில் நைனாவை, நச்சரித்துத் தினமும் பஸ் ஏறி வந்து சேர்ந்தேன்.

வகுப்பில் நாங்கள் நாற்பது பேர். கம்ப்யூட்டர் மூன்று. அதில் ஒன்றுக்குத் திரை கிடையாது. இன்னொன்றில் ஓனர் பையன் எந்நேரமும் கார் ஓட்டிக்கொண்டிருப்பான். மூன்றாவதைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தரிசனம் பண்ணலாம், தொடக்கூடாது. அதனால் சார் ஒரு முடிவெடுத்தார். "மெஷின் லேதா? இல்லன்னா பரவாலேது. நானே மெஷின்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. நாங்கள் புரோகிராமைத் தாளில் எழுதிக் கொடுப்போம். சார் அதைக் கையில் வாங்கிய நிமிஷம் அவர் முகம் மாறிவிடும், சிரிக்கமாட்டார், இமைக்கமாட்டார். தாளில் எழுதியதை அப்படியே செய்வார். ஜன்னலுக்குப் போ என்றால் ஜன்னலுக்குப் போவார். ஒரு முற்றுப்புள்ளியை விட்டுவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். காலைப் பாதி தூக்கியபடி நின்றதெல்லாம் உண்டு. மின்விசிறியைக் கூட்டச் சொன்னாலும் கூட்டமாட்டார். தாளில் இல்லாததை மெஷின் செய்யுமா?

இன்னொரு விசேஷம், இந்தப் பாஷையில் ஒவ்வொரு வரியிலும் முதல் ஏழு கட்டத்தை விட்டு எட்டாவதில்தான் தொடங்கவேண்டும். சார் எல்லாவற்றையும் எட்டாவதில்தான் தொடங்குவார். லீவ் லெட்டர், மளிகைச் சீட்டு, போஸ்ட் கார்டு எல்லாம். போஸ்ட் கார்டில் இடப்பக்கம் ஏழு எழுத்து விட்டு விலாசம் எழுதியதில், பின்கோடுக்கு இடம் இல்லாமல் அவர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து ஈஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வீட்டு நாள்காட்டியில் அன்றன்றைய வேலையைக் குறித்துவைப்பது என் பழக்கம். நான் தமிழ் மீடியம், தமிழில்தான் எழுதுவேன். 'திங்கள், 4 மணி கோபால்.' 'செவ்வாய், 4 மணி கோபால்.' 'ஞாயிறு, கோபால் எக்ஸ்ட்ரா.' நைனாவின் அக்கா, என் அத்தை, தன் பிள்ளைக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தவர். அவர் கண்ணில் அந்த நாள்காட்டி பட்டுவிட்டது.

"இன்னாடா தம்பி, உம் பொண்ணு தெனிக்கும் நாலு மணிக்கு எவனோ கோபாலப் பாத்துக்கினு கீது. ஞாயித்துக்கெயமகூட உடல."

எங்கள் ஊர் புத்தூரைப் பற்றித் தெரிந்திருக்கும். கை கால் முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ கட்டுப் போட்டுக்கொள்ள வருகிற ஊர். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவன் கையக் கால ஒடச்சி, நானே கூட்டிக்கினு வந்து கட்டும் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறிவிட்டார். எனக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால், அதோடு என் படிப்பு முடிந்தது, வேலை என்ற பேச்சே இல்லை, அத்தை வீட்டு அடுப்படிதான்.

அவர் படியேறி வந்த நேரத்தில் சார் என் புரோகிராமை ஓட்டிக்கொண்டிருந்தார். மேஜையைச் சுற்றி வரவேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வணக்கம் சொல்லவேண்டும், பத்து ஆனதும் நிற்கவேண்டும். இதுதான் நான் எழுத வேண்டியது. ஆனால் சுற்றை எண்ணுகிற வரியை மறந்துவிட்டேன். எண்ணாமல் எப்படிப் பத்து வரும்? சார் இருபது நிமிஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க கோபால் யாரு?" என்று வாசலில் நைனாவின் குரல் கேட்டது. நாற்பது கையும் ஒன்றாகச் சாரைக் காட்டின.

நைனா இருபத்தைந்து வயசில் சுருட்டை முடியோடு ஒருத்தனை எதிர்பார்த்து வந்திருக்கிறார். எதிரே ஐம்பத்தைந்து வயசு, வழுக்கை, தொப்புளுக்கு மேலே ஏற்றிப் போட்ட பேன்ட். கிட்டே போனார். சார் கைகூப்பி, "வணக்கம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். நைனாவும் தானாகக் கையை உயர்த்தி, "வணக்கம்" என்றார். அடுத்த சுற்று. "வணக்கம்." நைனாவும், "வணக்கம்." அடிக்க வந்த கை, கும்பிட்டுக் கும்பிட்டுக் கீழே இறங்கியது.

"யோவ், நில்லுய்யா."

"நிக்க முடியாதுங்க. வணக்கம்."

"வணக்கம். ஏன் முடியாது?"

"நிறுத்தறதுக்கு வழி எழுதலைங்க. வணக்கம்."

"யாரு எழுதல?"

"கஸ்தூரி."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம் பொண்ணு எழுதலன்னா நீ சுத்திக்கினே இருப்பியா?"

"மெஷின் அப்டித்தாங்க. எழுதினதத்தான் செய்யும். வணக்கம்."

நைனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று பார்த்தார். வீட்டில் நான் காப்பி குடி என்றாலே கேட்காத மனுஷர் அவர். இங்கே ஒரு பெரியவர், நான் தாளில் எழுதியதற்குக் கட்டுப்பட்டு வியர்க்க விறுவிறுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறார். நைனாவின் குரலே இறங்கிவிட்டது. "எழுதிடு பாப்பா. பாவம், காலு வலிக்கப் போவுது அவருக்கு."

ஒரே ஒரு வரி சேர்த்தேன். சார் தாளை வாங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, சரியாகப் பத்தாவது வணக்கத்தில் நைனாவுக்கு நேராக நின்றார். முகத்தில் சிரிப்பு திரும்பியது. "கூர்ச்சோண்டி, உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

டீக்கடையில் விஷயம் பேசப்பட்டது. மெட்ராஸில் ஒரு கம்பெனி இந்தச் சைபர் சைபர் வேலைக்கு ஆள் எடுப்பதாகவும், கஸ்தூரியை அனுப்பலாம் என்றும் சார் சொன்னார். நைனாவுக்கு ஒரு சந்தேகம்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்துல எங்க நைனாவே பொறக்கல சார். அந்த வருசத்துக்குப் போயி மெஷினு இன்னா பண்ணும்?"

"அதத்தாங்க உங்க பொண்ணு போய் எடுத்துச் சொல்லணும்."

கடைசியில் நைனா ஒரு நிபந்தனை போட்டார். "டிசம்பர் முப்பத்தொண்ணு வரிக்கும் உடறேன். அதுக்கப்புறம் ஊட்டுக்கு வந்துடணும், அக்கா பையனுக்குக் கட்டிக் குடுத்துடுவேன். நடுவுல ஒரு கெட்ட சேதி காதுல உழுந்தாலும் அன்னிக்கே கூட்டிக்கினு வந்துடுவேன்." சார் சரி என்றார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மெட்ராஸ் போனேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தூரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கேன் நைனா" என்று சொல்லி வைத்துவிடுவேன். டிசம்பர் முடிந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி லைட் எரிந்தது, ரயில் ஓடியது, உலகத்தில் ஒன்றுமே ஆகவில்லை. நான் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு நைனாவின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பிப்ரவரியிலும் வரவில்லை. ஏன் என்று கேட்கப் பயம். கேட்டால் ஞாபகம் வந்துவிடுமே. அப்படியே இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டேன். அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கும் தினமும் காலையில் எனக்கு ரோஜாப்பூ படம் அனுப்புகிறான்.

போன பொங்கலுக்கு எங்கள் பழைய வகுப்பு வாட்ஸப் குழுவில் சாரைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருத்தன், "இப்ப உயிரோட இருக்காரோ என்னவோ" என்று எழுதினான். நான் அப்போது புத்தூரில்தான் இருந்தேன். "நைனா, அந்தக் கோபால் சார ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம இன்னா? போன மாசங்கூட வந்துட்டுப் போனாரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாசாமாசம் இரண்டாவது சனிக்கிழமை, சித்தூரிலிருந்து பஸ் ஏறி வருவாராம். நான் மெட்ராஸ் போன மாசத்திலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லையாம். அந்த வருஷம் அத்தை ஒவ்வொரு வாரமும் என்னைப் பற்றி ஒரு கெட்ட சேதி கொண்டுவருவாராம். சார் வந்து நல்ல சேதியாக நாலு சொல்லிவிட்டுப் போவாராம். ஆபீஸில் மழைத்தண்ணீர் புகுந்தபோது நான் கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேனாம். வெள்ளைக்காரன் ஒருத்தன் என் கையெழுத்தைப் பார்த்து அழுதுவிட்டானாம். அத்தனையும் புளுகு. நான் அவருக்கு ஒரு போன்கூடப் பண்ணியதில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி முதல் வாரத்தில் அத்தை வந்து, "ஒண்ணும் ஆவலியேடா, இவ இன்னாத்த வேல பாத்தா, கூப்ட்டுக்கோ" என்று நின்றிருக்கிறார். சார் அந்த இரண்டாவது சனிக்கிழமை வந்து இறங்கி, "ஒண்ணும் ஆகலன்னா, அது உங்க பொண்ணு வேலதாங்க" என்றிருக்கிறார். பிப்ரவரி இருபத்தொன்பதில் இன்னொரு தகராறு பாக்கி இருக்கிறது என்று இரண்டு மாசம் வாங்கினார். அது உண்மை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொள்கிற மெஷினுக்கு அந்தத் தேதியே கிடையாது. அதற்கப்புறம் மூவாயிரமாவது வருஷத்திலும் இதேபோல ஒன்று வருகிறது, அதற்கும் இப்போதே ஆள் வேண்டும் என்றாராம்.

"அதுக்கு எவ்ளோ நாளு கீதுன்னு கேட்டேன். கொஞ்சம் நாள் ஆவும்னாரு" என்றார் நைனா.

"அத நம்பினியா நைனா?"

"ஆயிர வருசம் கீதுன்னு எனுக்குக் கணக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் என்னக் கூப்பிடல?"

"கேக்க நல்லா இருந்துச்சி பாப்பா. நீ நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிடுவ. அவருதான் வந்து குந்திக்கினு எல்லாத்தையும் சொல்லுவாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த இரண்டாவது சனிக்கிழமைக்கு லீவ் போட்டுவிட்டுப் புத்தூருக்குப் போய் உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்கு வந்தார். எண்பதை ஒட்டிய வயசு, கையில் குடை, பேன்ட் மட்டும் அதே உயரத்தில். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார். தண்ணீர் குடித்தார். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நைனா என் பக்கமே திரும்பாமல், "அப்புறம் சார், பொண்ணு எப்டி கீது?" என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன வாரம் பாருங்க, ஆபீஸ்ல பெரிய மெஷின் ஒண்ணு நின்னுபோச்சு. முப்பது பேரு கையப் பெசஞ்சிக்கினு நிக்கிறாங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியல. உங்க பொண்ணுதான் எழுந்து போச்சு."

போன வாரம் முழுக்க நான் முதுகுவலி என்று வீட்டில் படுத்திருந்தேன்.

"அப்டியா பாப்பா?" என்றார் நைனா.

"ஆமா நைனா."

"இன்னும் கேளுங்க" என்று சார் குரலை உயர்த்தினார். நானும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்புறம் நான் என்ன செய்தேன் என்று கேட்க உட்கார்ந்தேன்.