பெயர் ஆய்விலுள்ள நாடு

கடல் தாண்டி வந்து கோட்டை கட்டியவர்கள் வைத்த பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்ட நாடு ஒன்று உண்டு. கோட்டைக்கரை என்றார்கள் அவர்கள். கோட்டைக்கு வெளியே ஏரியும் வயலுமாகக் காதக்கணக்கில் விரிந்து கிடந்த மண்ணில் வாழ்ந்த ஜனங்களோ, தங்கள் நாட்டை ஆம்பல்நாடு என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். கப்பல்காரர்கள் மூட்டை கட்டிப் போன பிறகு அந்தப் பெயரே அரசாங்கப் பெயருமாயிற்று.

எப்போது ஆயிற்று என்பதில்தான் வந்தது வம்பு.

இளவேனிலில் தங்கள் தலைவர் பொதுக்கூட்டத்தில் முழங்கிய கணமே பெயர் பிறந்துவிட்டது என்றார்கள் வேனில் கட்சியார். முழக்கம் வேறு, சட்டம் வேறு; கார்காலத்தில் தங்கள் தலைவர் முத்திரை குத்திய பிறகுதான் பிறந்தது என்றார்கள் கார் கட்சியார். அந்த ஆண்டு, இரண்டுக்கும் நடுவே ஆனி மாதத்தில் பிறந்தவள் சோலையம்மை. பெரிய ஏரியில் படகு வலிப்பவள். அவள் துடுப்பைத் தொட்டால் காற்றும் ஒதுங்கி வழிவிடும் என்பார்கள். அவளுடைய அப்பா தில்லைமுத்து, கப்பல்காரர் காலத்தில் கோட்டை மதிலில் கரித்துண்டால் ‘ஆம்பல்நாடு’ என்று எழுதிச் சிறைக்குப் போனவர். அங்கே நசுங்கிய விரல்கள் பிறகு நிமிரவே இல்லை. இரண்டு கட்சியின் விழாவுக்கும் அவருக்கு அழைப்பு வருவதில்லை. அவர் எழுதியது இரண்டு தேதிக்கும் முந்தியதாம்.

முதலில் கார் கட்சி ஆட்சிக்கு வந்தது. முத்திரைக்கு முன் பிறந்தவர்கள் எல்லோரும் கோட்டைக்கரையின் பிரஜைகள் என்று ஆணை பிறந்தது. சோலையம்மையைப் பெயர்த்துறை அலுவலகத்துக்கு அழைத்தார்கள்.

“தாங்கள் கோட்டைக்கரை அரசிடமிருந்து தடையில்லாச் சான்று பெற்று வருதல் வேண்டும்” என்றார் அதிகாரி.

“அப்படி ஒரு அரசே இப்ப இல்லையே, ஐயா.”

“இல்லை என்பதற்கும் அவர்களிடமே சான்று பெறலாம்.”

அடுத்த தேர்தலில் வேனில் கட்சி வென்றது. கார் என்ற சொல்லையே நாட்டில் யாரும் உச்சரிக்கலாகாது என்றது புதிய அரசு. கார்நெல் விதைக்கக்கூடப் பயந்து விவசாயிகள் வயலைத் தரிசாகப் போட்டார்கள். “பசி என்பது எதிர்க்கட்சியின் சொல்” என்று சபையில் விளக்கம் அளித்தார் அமைச்சர். சோலையம்மை வீட்டில் இரண்டு வேளைக் கஞ்சி ஒரு வேளையாயிற்று.

மூன்றாம் முறை யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரு கட்சியும் கைகோத்தன. பெயர் பிறந்த நாளை ஆராய ஒரு குழு அமைத்து, அது முடிவு சொல்லும் வரை பெயரை நிறுத்திவைத்தார்கள். எல்லைக் கற்களில் சுண்ணாம்பு பூசினார்கள். அயல்நாட்டிலிருந்து வந்த உப்பு மூட்டைகள், மேலே எழுதியிருந்த நாடு இங்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டன. ஜனங்கள் உப்பில்லாக் கஞ்சி குடித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஏரி சூழ்ந்த நாடுகளின் படகுப் பந்தயம் வந்தது. சோலையம்மைக்குப் போக மனமில்லை.

“பேரில்லாத நாட்டுக்கு எதுக்குப்பா வலிக்கணும்?”

தில்லைமுத்து படகின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மதில்ல எழுதுறப்ப எனக்கும் யாரும் அனுமதி குடுக்கல, தாயி. நீ போ. நானும் வர்றேன்.”

அன்று ஏரிக்கரை முழுக்கத் தலைகள். பாதித் தூரம் வரை பின்தங்கியிருந்த சோலையம்மை, எதிர்காற்று கிளம்பியதும் உடம்பைத் தாழ்த்தி வலிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் காற்றோடு மல்லுக்கட்ட, அவள் அதன் அடியில் நுழைந்து முன்னே வந்தாள். பந்தய முடிவுத் தூணை முதலில் தொட்டபோது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

அறிவிப்பாளரின் காதில் நம் நாட்டு அதிகாரி ஓடிப்போய் ஏதோ ஓதினார். அறிவிப்பாளர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உரக்கச் சொன்னார்: “வெற்றி பெற்றவர், பெயர் ஆய்விலுள்ள நாட்டைச் சேர்ந்த சோலையம்மை.”

பிற நாட்டார் சிரித்தார்கள். நம் ஜனங்கள் தலைகுனிந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் நிமிராத விரல்களோடு கையை உயர்த்தி “ஆம்பல்நாடு” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். பிறகு கரையே சொன்னது. ஏரித்தண்ணீர் நடுங்கியது. அறிவிப்பாளர், அதிகாரியைத் திரும்பியும் பார்க்காமல், மீண்டும் அறிவித்தார்: “ஆம்பல்நாட்டின் சோலையம்மை.”

அவள் துடுப்பின்மேல் கவிழ்ந்து, மூச்சு இரைக்க, அழுதுகொண்டிருந்தாள்.

அதன்பிறகு குழுவைக் கலைப்பதைத் தவிர சபைக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்று கரையில் முழங்கியவர்கள் சிலர் கூவினோர் கட்சி என்று ஒன்றைத் தொடங்கி, சோலையம்மையின் படத்தைக் கொடியில் போட்டு, அமோகமாக வென்றார்கள். பெயர் உண்மையில் பிறந்தது பந்தய நாளில்தான் என்பது அவர்களுடைய முதல் சட்டம். அன்று கூவியவர்களே பிரஜைகள் என்பது இரண்டாவது.

அந்தக் கொடியை ஏந்திய புதிய அதிகாரி ஒருவர் சோலையம்மையின் படகுத்துறைக்கு வந்தார்.

“ஒரு சம்பிரதாயம்தான், அம்மணி. அன்று தாங்களும் கூவினீர்கள் அல்லவா?”

“இல்லீங்க. எனக்கு மூச்சு வாங்கிச்சு.”

அதிகாரி வருத்தத்தோடு தொண்டையைச் செருமினார். “அப்படியானால் தங்களை ஐயத்துக்குரியவர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.”

சோலையம்மை அவரை நிதானமாகப் பார்த்தாள். படகில் ஏறி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஏரியைப் பார்த்துக் கூவினாள்.

“ஆம்பல்நாடு!”

“இன்று கூவியது கணக்கில் சேராது, அம்மணி.”

“கணக்குல சேரணும்னு நான் கூவலீங்க” என்றபடி துடுப்பைத் தண்ணீரில் இறக்கினாள்.

அக்கரையில் துணி துவைத்த பெண்கள் பதில் குரல் கொடுத்தார்கள். வலை போட்டுக்கொண்டிருந்த ஓடங்களிலிருந்தும், தரிசு உழுதுகொண்டிருந்த வயல்களிலிருந்தும் அதே பெயர் திரும்பி வந்தது. யார், எந்த நாளில் கூவினார்கள் என்று எழுதிக்கொள்ள வழியில்லாமல், படகின் பின்னே இறங்கிய அதிகாரி முழங்கால் தண்ணீரில் நின்றார்.