கடைசி வரி வரைக்கும் பாஸ்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமாவை ராஜபாளையத்துல பஸ் ஏத்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணாஸ்பத்திரியில காமிச்சு, ஆபரேசனுக்குத் தேதி வாங்கிட்டு வரணும். அம்புட்டுதான்.

மாமான்னா என் மாமனார். பட்டாளத்துல இருந்து ரிட்டையரானவிய. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆனா ஒத்துக்க மாட்டாவ. "லேசா மூடுபனி"ம்பாவ. ராஜபாளையத்து வெயில்ல ஏது மூடுபனி!

போன மாசம் கொழுந்தனுக்குப் பொண்ணு பாக்க வன்னியம்பட்டி போயிருந்தோம். மாமா எந்திரிச்சு நின்னு, "பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கு, எங்களுக்குச் சம்மதம்"னாவ.

கை காட்டினது பொண்ணோட சித்தியை. பக்கத்துலயே அவிய வீட்டுக்காரரு உக்காந்திருக்காரு!

அந்தச் சம்பந்தம் அத்தோட சரி. இப்ப சேத்தூர்ல ஒரு பொண்ணு. அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காவ. "அப்பாவுக்குக் கண்ணு சரியானாத்தான் நான் வருவேன்"னு கொழுந்தன் ஒத்தக் கால்ல நிக்காரு.

எங்க கூட அடுத்த வீட்டுப் பேச்சியம்மா பெரியம்மாவும் வந்தாவ. அவியளுக்கும் புரைதான்.

ஆஸ்பத்திரியில முதல்ல எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னாவ. மேல பெரிய எழுத்து, கீழ போகப் போகப் பொடி எழுத்து.

பெரியம்மா, "ஏ தாயி, அது பலகையா? நான் சன்னல்னுல்லா நினைச்சேன்"னாவ.

மாமா என் காதுல, "பேச்சி பெயிலு. பட்டாளத்து மெடிக்கல்ல இப்படி நின்னா வீட்டுக்கு அனுப்பிருவான்"னாவ.

பொறவு மாமா முறை. முத எழுத்து சொல்லியாச்சு. ரெண்டாவது வரியில நின்னு போச்சு. "ஏட்டி செல்வி..."ன்னு மெதுவா ஒரு குரல்.

நான் எட்டாங்கிளாஸ் பெயிலு. பள்ளிக்கூடத்துல எங்கிட்ட ஒருத்தியும் பதில் கேட்டது கிடையாது. இப்ப மாமனாரே கேக்காவ! முந்தானையை வாயில வச்சுக்கிட்டு எழுத்தெழுத்தா ஓதினேன். நான் வெக்கப்படுதேன்னு நர்ஸ் பிள்ளை நினைச்சிருக்கும்.

ரெண்டு கண்ணுக்கும் கடைசி வரி வரைக்கும் பாஸ்! மாமா சல்யூட் அடிக்காத குறை.

டாக்டரம்மா லைட் அடிச்சுப் பாத்து முடிச்சதும் தேதி குடுத்தாவ. பெரியம்மாவுக்கு வாற செவ்வாக்கிழமை. மாமாவுக்கு நாலு மாசம் கழிச்சு.

"நாலு மாசமா! பேச்சி மருமகன் போலீஸுல்லா, சிபாரிசு பண்ணிருப்பான். போயி கேளுட்டி!"

நானா? இறங்கணும்னு கண்டக்டர்ட்ட சொல்லக் கூச்சப்பட்டு, ரெண்டு ஸ்டாப்பு தள்ளி இறங்கி நடந்து வாறவ நான்.

போனேன். முணுமுணுத்தேன். "சத்தமாச் சொல்லுங்கக்கா"ன்னுச்சு நர்ஸ் பிள்ளை. கண்ணை மூடிக்கிட்டு, "அவியளுக்கு மட்டும் ஏன் சீக்கிரம்!"னு கத்திட்டேன். அந்நேரம் பாத்தா ஹாலே அமைதியாகணும்? அம்புட்டு பேரும் திரும்பிப் பாத்தாவ.

நர்ஸ் பிள்ளை பொறுமையாச் சொல்லிச்சு. "எல்லாருக்கும் ஒரே வரிசை கிடையாதுக்கா. புரை முத்தி, எதுக்க நிக்கிற ஆளே தெரியாதவியளுக்கு முதல்ல. சுகர், பிரசர் கூடி இருந்தா அது இறங்கின பொறவு. உங்க மாமாவுக்குப் புரை இருக்கு. ஆனா கடைசி வரியே வாசிக்காவளே! எனக்கே அந்த வரி தெரியாது. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம்."

அந்தக் கடைசி வரி என்னோடதுல்லா!

"அது... நான் வாசிச்சது."

"என்னது?"

"நான்தான் பின்னாடி நின்னு சொல்லிக் குடுத்தேன்!"

பின் வரிசையில ஒரு பெரியவரு தன் மகனைப் பாத்து, "ஏலே, நீயும் இதத்தான பண்ணின?"ன்னாரு.

நர்ஸ் பிள்ளை மாமாவை வேற ரூமுக்குக் கூப்பிட்டுச்சு. என்னை மட்டும் வாசல்லயே நிறுத்திருச்சு.

"மாமா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க"ன்னேன்.

"பட்டாளத்துக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான்!"

செத்த நேரத்துல உள்ள இருந்து கணீர்னு சத்தம். "ட! ப! ர! ம!" நிக்கவே இல்ல. கடைசி வரி வரைக்கும்! நான் ஓதினதை மனப்பாடம் பண்ணி வச்சிருக்காவ! தலையில கை வச்சு உக்காந்துட்டேன். நாலு மாசம் உறுதி. சேத்தூர்லயும் எந்தச் சித்திக்கு யோகமோ!

உள்ள ஒரே சிரிப்பு. நர்ஸ் பிள்ளை கண்ணைத் தொடச்சுக்கிட்டே வெளிய வந்துச்சு. "அக்கா, இந்தப் பலகையில எழுத்தே கிடையாது. சீப்பு மாதிரி மூணு பல்லு வச்ச குறிதான் இருக்கு. பல்லு எந்தப் பக்கம்னு கையைக் காட்டணும்."

வலது கண்ணுக்கு அடுத்த வியாழக்கிழமை தேதி குடுத்துட்டாவ!

பஸ்ல வீடு நெருங்கும்போது மாமா என் காதுகிட்ட குனிஞ்சாவ.

"பெயிலாட்டி?"

"ஆமா மாமா. ரெண்டு கண்ணுலயும்."

"வீட்ல யாருட்டயும் சொல்லிராத."

"சரி மாமா."

சொல்லல. எழுதத்தான் செஞ்சிருக்கேன்.