ஓடையைத் தாண்டிய ஏழாம் நம்பர்

ஒரு காட்டில் ஒரு புலி கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தது. புலிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் பெரிய பதவியில் இருப்பவர்களை அருகிலிருந்து பார்த்ததில்லை. அவர்களை அப்படியே விட்டுவிட்டு நாம் கதைக்குப் போவோம்.

அந்தக் காட்டின் நடுவே பெரிய புல்வெளி ஒன்று உண்டு. மான், முயல், காட்டெருமை, கழுதை என்று எல்லாரும் பரம்பரையாக மேய்ந்த இடம். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், உக்கிரபாண்டி என்ற அந்தப் புலி பட்டத்துக்கு வந்த சூட்டோடு சூடாகப் புல்வெளியை வளைத்து மைதானம் ஆக்கிவிட்டது. மேய்கிறவர்கள் கூடி அழுதார்கள். பக்கத்தில் யாராவது அழுதால் புலிக்குக் குறி தவறும். ஆகவே அது ஒரு வாக்குக் கொடுத்தது.

"வருஷத்துல ஒரு நாள், உங்க எல்லார் முன்னாடியும், ஏழாம் நம்பர் மட்டையால ஒரே அடியில ஓடையத் தாண்டி அடிக்கிறேன். என்னிக்கு என்னால முடியலையோ, அன்னிக்கு மட்டையத் தூக்கிப் போட்டுட்டு இந்த இடத்த உங்ககிட்டயே விட்டுடறேன். போதுமா?"

அடிக்கும் மேட்டிலிருந்து ஓடையின் அக்கரை நூற்றைம்பது கஜம். வாலிபப் புலிக்கு அது ஒரு தூரமே இல்லை. விதிக் குழுத் தலைவர் கனகசபை என்ற ஆமை, வாக்கை அப்படியே புத்தகத்தில் எழுதி முத்திரை குத்திவிட்டது.

புலியின் மட்டைப் பையைச் சுமந்தது பொன்னுரங்கம் என்ற கழுதை. பை சுமப்பவருக்கு அந்த ஆட்டத்தில் கேடி என்று பெயர். காவல் நிலையத்துப் பலகையில் படம் ஒட்டியிருக்குமே, அந்தக் கேடி வேறு. பொன்னுரங்கம் பரம சாது. ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. புலிக்கு வயசாகும். வயசானால் அடி குறையும். அடி குறைந்தால் புல் திரும்பி வரும். கண்ணெதிரே கம்பளம் மாதிரிப் பச்சைப் புல் விரிந்து கிடக்க, அதை நக்கக்கூட அனுமதியில்லாமல், ஓரத்து முள்செடியைத் தின்றபடி பதின்மூன்று வருஷம் அது காத்திருந்தது.

காத்திருந்தது வீண் போகவில்லை. இந்த வருஷம் பயிற்சியில் புலி அடித்த மூன்று பந்தும் ஓடைக்குள் விழுந்தன. மூன்றாவது பந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டபோது கழுதைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"காத்து எதிரடிக்குதுங்கய்யா," என்று புலியிடம் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் நேராக அல்லி என்ற மானிடம் ஓடியது.

"அல்லி, பத்து கஜம் குறையுது! இன்னும் பதினஞ்சு நாள்தான். புல்லு நம்மளுது!"

"நிசமாவா அண்ணே? எம் மாமனார் சாகறதுக்குள்ள ஒரு வாயாவது அந்தப் புல்லத் திங்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

"தின்னுட்டு நிம்மதியா இருக்கச் சொல்லு."

மறுநாள் காலை ஒரு நரி வந்து சேர்ந்தது. கழுத்தில் டை. கையில் நீளப் பெட்டி. அட்டையில் 'ஜெயசீலன், தூர ஆலோசகர்' என்று அச்சடித்திருந்தது.

"சார், உங்க கையில ஒரு குறையும் இல்ல," என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தது நரி. "குறை மட்டையில. இதெல்லாம் தாத்தா காலத்து இரும்பு. ஒரே கட்டி. இதப் பாருங்க. உள்ள வெத்திடம். அதுல ஒரு விசேஷ நுரை. முகம் அரசிலை கனம்தான். பந்து பட்டா உள்வாங்கி, எட்டி உதைக்கும். அடியில டங்ஸ்டன் எடை, அதனால பந்து தானா மேல ஏறும். பதினஞ்சாயிரம் மாதிரி வரைஞ்சு பாத்து, கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்த முகம் சார் இது. எல்லாத்துக்கும் மேல, மன்னிக்கும் தன்மை ஜாஸ்தி."

"எதை மன்னிக்கும்?" என்றது புலி.

"நீங்க எதைச் செஞ்சாலும் சார்."

புலிக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பின்புறத்தில் பளபளவென்று 7 என்று பொறித்திருந்த மட்டையை வாங்கி வீசியது. பந்து ஓடையைத் தாண்டி, அக்கரையையும் தாண்டி, ஒரு காட்டெருமையின் முதுகில் பட்டு நின்றது. நூற்று எழுபது கஜம்! புலி தலைகால் புரியாமல் குதித்தது. பதின்மூன்று வயசு குறைந்துவிட்டதாக அதுவே சொல்லிக்கொண்டது.

பொன்னுரங்கம் அக்கரைக்குப் போய் அந்தப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தது.

அன்று மட்டைகளைத் துடைக்கும்போது அது புதிய ஏழாம் நம்பரைப் பழைய மட்டைகளோடு ஒட்டிவைத்துப் பார்த்தது. பதின்மூன்று வருஷம் பை சுமந்தவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறதோ, பந்து அவ்வளவு உயரே போய்க் கிட்டத்தில் விழும். முகம் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் போகும். அந்தச் சாய்வுக்குத்தான் நம்பர்; நம்பர் குறையக் குறையத் தூரம் கூடும். இந்தப் புதிய ஏழின் சாய்வு பழைய ஏழோடு பொருந்தவில்லை. ஆறோடும் பொருந்தவில்லை. பழைய ஐந்தோடு அச்சாகப் பொருந்தியது. நீளமும் அதே நீளம்.

கழுதை மட்டையைத் தூக்கிக்கொண்டு முள்ளம்பன்றி சின்னாண்டியின் பட்டறைக்குப் போனது. மட்டைகளுக்குப் பிடி மாட்டுவதும் கோணம் பார்ப்பதும் சின்னாண்டியின் தொழில். தன் முள் ஒன்றைப் பிடுங்கி அளந்து பார்த்துவிட்டு அது சிரித்தது.

"நுரை இருக்கு, டங்ஸ்டன் இருக்கு, இல்லேன்னு சொல்லல. கொஞ்சம் தூரம் அதுலயும் வருது. மிச்சத் தூரமெல்லாம் இந்த நம்பர்ல இருந்து வருது. அஞ்சாம் நம்பர்ல ஏழுன்னு அடிச்சு வச்சிருக்கான்யா."

மறுநாள் விதிக் குழு அலுவலகத்தில் பொன்னுரங்கம் வரிசையில் நின்றது. குடையைத் தொலைத்த குரங்குக்குப் பின்னால், இரண்டு மணி நேரம். படிவம் பதினான்கு, மூன்று பிரதி. 'புகாருக்கு ஆளானவரின் கையொப்பம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டதற்காக ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டது. கடைசியில் கனகசபை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"என்னய்யா உன் பிரச்சினை?"

"அது ஏழு இல்லீங்கய்யா. அஞ்சு."

"புத்தகத்துல என்ன எழுதியிருக்கு? ஏழாம் நம்பர் மட்டைன்னு. சாய்வுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லீங்க."

"அந்த மட்டையில என்ன போட்டிருக்கு?"

"ஏழு."

"அப்புறம் என்ன? போட்டிருக்கறதுதான் நம்பர். அடுத்தவங்க வரட்டும்."

வெளியே வந்த கழுதைக்கு அழுகை அழுகையாக வந்தது. ஓடைக்கரையில் போய் நின்று அழுதது. அழுது முடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தபோது, ஆமை சொன்னது மறுபடி காதில் ஒலித்தது. போட்டிருப்பதுதான் நம்பர். கழுதை அழுகையை நிறுத்தியது. கழுதைகள் மெதுவாக யோசிக்கும் என்பது உண்மை. ஆனால் யோசித்து முடிக்காமல் விடுவதில்லை.

வாக்கு நாளுக்கு முந்தின ராத்திரி, மறுபடி சின்னாண்டியின் பட்டறை. நரி ஏழாம் நம்பரோடு சேர்த்துப் புலியிடம் விற்றிருந்த செட்டிலேயே குட்டையாக ஒரு மட்டை இருந்தது. முகம் நன்றாக மல்லாந்து, பந்தை நேராக வானத்துக்கு அனுப்புவது. சின்னாண்டி அதன் தலையைக் கழற்றி, ஏழாம் நம்பரின் தடியில் மாட்டியது. பழைய பொறிப்பைத் தேய்த்து அழித்துவிட்டு, அதே எழுத்தில், அதே பளபளப்பில், 7 என்று அடித்துக் கொடுத்தது.

"புலி கண்டுபிடிச்சிட்டா?" என்றது சின்னாண்டி.

"ஐயா பைக்குள்ள கையே விடமாட்டாரு. நம்பர் தெரியற மாதிரி நான் நீட்டணும், அவரு வாங்கணும். பதிமூணு வருஷமா இதான் வழக்கம். முகத்தத் திருப்பிப் பாத்ததா சரித்திரமே இல்ல."

அந்த நாள் வந்தது. காலை வெயிலில் காடே கூடி நின்றது. நரி முன்வரிசையில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டங்ஸ்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கழுதை பையிலிருந்து மட்டையை எடுத்து, எண் தெரியும்படி நீட்டியது. கால்கள் நான்கும் நடுங்கின. நல்ல வேளையாக, பெரியவர்கள் முன்னால் கழுதைகள் நடுங்குவது அந்தக் காட்டில் மரியாதையில் சேர்த்தி.

புலி வீசியது. பந்து ஏறியது. ஏறிக்கொண்டே போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு பருந்துகள் விலகி வழிவிட்டன. பிறகு பந்து யோசித்துக்கொண்டே இறங்கி, ஓடையின் நட்டநடுவில் விழுந்தது.

"இது ஏழே இல்ல!" என்று புலி உறுமியது.

கனகசபை ஆடி அசைந்து வந்து மட்டையைப் பார்த்தது. "ஏழுன்னுதான் போட்டிருக்கு. போட்டிருக்கறதுதான் நம்பர். போன வாரம்தான் தீர்ப்புச் சொன்னேன். வாரா வாரம் மாத்திச் சொல்ல முடியாது."

நரிக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. சாய்வு மாறியிருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், அப்படியானால் உன் ஏழின் சாய்வு எங்கே, அதையும் காட்டு என்பார்கள். வந்ததை அப்படியே மென்று விழுங்கியது.

"மன்னிக்கறதுக்கும் ஒரு அளவு உண்டுல்ல சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடியது.

புலி கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. அதில் குறை சொல்ல முடியாது. மட்டைகளை ஓடையில் வீசிவிட்டுக் குகைக்குப் போய்விட்டது. மேய்கிறவர்கள் புல்வெளிக்குள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். அல்லியின் மாமனார் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பொன்னுரங்கம் பதின்மூன்று வருஷத்துப் பசியை மூன்று நாளில் தீர்த்தது. கழுதையைத் தோளில் தூக்க முடியாததால் எல்லாரும் அதைச் சுற்றி வந்து ஆடினார்கள். நல்லவன் வென்றான், பொய்யன் தோற்றான் என்று கதையை இங்கேயே முடித்துப் பாடப்புத்தகத்துக்கு அனுப்பிவிடலாம்.

ஆனால் நான்காம் நாள் ஒன்று வந்தது.

இத்தனை வருஷம் புலி என்ன சாப்பிட்டது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விடிந்ததும் மைதானத்துக்குப் போகும். பதினெட்டுக் குழியும் முடித்துத் திரும்பும்போது இடுப்பு ஒடிந்திருக்கும். வேட்டையாட ஏது நேரம், ஏது தெம்பு? கிளப் கேன்டீனில் நீர்நாய் பொரித்துக் கொடுக்கும் மீன் கட்லெட்டில் நாலைத் தின்றுவிட்டு, அன்றைய அடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே தூங்கிவிடும். இப்போது மைதானம் இல்லை. கிளப் இல்லை. கேன்டீனும் பூட்டியாயிற்று. பழக்கதோஷத்தில் விடியற்காலையில் கண் விழித்த புலிக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. இடுப்பு வலி போய், பசி வந்திருந்தது.

அது சும்மா பழைய இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பியது. அங்கே, முதல் குழி இருந்த இடத்தில், அல்லியின் மாமனார் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்.

மறுநாள் இரண்டு முயல். அதற்கு மறுநாள் ஒரு காட்டெருமைக் கன்று. பொன்னுரங்கம் ஓடிப்போய்ப் படிவம் பதினான்கை நிரப்பியது. இந்த முறை வரிசையே இல்லை. வரிசையில் நிற்க யாரும் வெளியே வரவில்லை.

"புலி மானைத் தின்னக் கூடாதுன்னு புத்தகத்துல எங்க இருக்கு?" என்றது கனகசபை, ஓட்டுக்குள்ளிருந்தபடியே.

அல்லி கழுதையைத் தேடி வந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, உன்னை ஒண்ணும் குத்தம் சொல்லல. ஆனா புல்லு வேணாம் அண்ணே. எங்களுக்கு அந்த முள்செடியே போதும்."

தான் செய்த காரியம் நியாயமானதுதான் என்று கழுதைக்குத் தெரியும். அந்த நியாயத்தை அல்லியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது. மலைச்சரிவில் இறங்கி, நரியின் கடைக்குப் போய் வாசலில் நின்றது.

"வாப்பா பொன்னுரங்கம்," என்றது நரி, பழசெல்லாம் மறந்துபோன சிரிப்போடு. "என்ன வேணும்?"

"ஐயாவுக்கு ஒரு மட்டை. ஏழாம் நம்பர். ஓடையத் தாண்டணும். இந்த வருஷம் மட்டுமில்ல, ஐயா இருக்கற வரைக்கும் தாண்டணும்."

"புது மாடல் வந்திருக்கு. சாய்வு பழைய மூணாம் நம்பர். மேல ஏழுன்னு போட்டிருக்கு."

கழுதை கொஞ்ச நேரம் யோசித்தது.

"மூணு பத்துமா? ஐயாவுக்கு வயசாகுதே. ரெண்டு இல்லையா?"

நரி அதை ஒரு புது மரியாதையோடு பார்த்தது. ரெண்டு இருந்தது. விலை எதுவும் வேண்டாம் என்றது. ஒரு நற்சான்றுதான் கேட்டது: 'பதின்மூன்று வருஷ அனுபவமுள்ள கேடியாகிய நான் சோதித்துப் பார்த்த வரையில், இது அசல் ஏழு.' பொன்னுரங்கம் குளம்பை மையில் தோய்த்து அழுத்தி வைத்தது.

மேய்கிறவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு, புல்வெளியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி புலியிடம் மனுக் கொடுத்தார்கள். வளர்ந்திருந்த புல்லை ராத்திரி பகல் பாராமல் தாங்களே கடித்து மட்டமாக்கினார்கள். ஒருவரும் விழுங்கவில்லை. ஓரமாகத் துப்பிவிட்டார்கள். நீர்நாய் கேன்டீனைத் திறந்து எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தது.

புலி வந்து மேட்டில் நின்று புதிய மட்டையை வீசியது. பந்து ஓடையைத் தாண்டி, அக்கரையைத் தாண்டி, அடுத்த காட்டின் எல்லைக்குள் போய் விழுந்தது.

"பாத்தியாடா?" என்றது புலி. கண்ணில் ஈரம்.

"பாத்தேங்கய்யா," என்றது பொன்னுரங்கம். "இப்பிடி ஒரு ஏழ என் ஆயுசுல பாத்ததில்ல."

நீதி: உன்னைத் தின்னக்கூடியவர் விளையாடிக்கொண்டிருக்கும்போது, மட்டையைத் திருப்பிப் பார்க்காதே, கைதட்டு. அடுத்த மாடல் எப்போது வருகிறது என்று நீயே விசாரித்து வை.